டைக்கோ பார்த்த புதிய விண்மீன்

1572 நவம்பரில் காசியோபியா விண்மீன் கூட்டத்தில் திடீரென ஒரு புதிய ஒளி. பகலிலும் தெரியும் அளவுக்கு வெளிச்சம்! நிலவுக்கு அப்பால் எதுவும் பிறக்காது, அழியாது என்று அரிஸ்டாட்டில் வழியில் ஐரோப்பா நம்பியிருந்த காலம் அது. டென்மார்க்கின் வானியலாளர் டைக்கோ பிராகே அதன் இடத்தை அளந்துகொண்டே இருந்தார். தொலைநோக்கி இன்னும் வரவில்லை. வெறும் கண்ணும் கோணம் அளக்கும் கருவியும்தான். நிலவைப் போலப் பூமிக்கு அருகில் இருந்தால், மற்ற விண்மீன்களுக்கு நடுவே அது சற்றேனும் இடம் மாறித் தெரிய வேண்டும். மாறவே இல்லை. அப்படியானால் அது நிலவைத் தாண்டி இருக்கிறது. மாறாத வானம் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

கோப்பர்நிக்கஸ், கலிலியோ பெயர்களை எல்லோரும் சொல்கிறோம். எனக்கோ டைக்கோ மீதுதான் பெரும் பிரியம். பூமி நகர்கிறது என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனாலும் அவர் விட்டுச்சென்ற செவ்வாய்க் கோளின் அளவீடுகளிலிருந்துதான் வானியலாளர் கெப்ளர் கோள்களின் நீள்வட்டப் பாதையைக் கண்டறிந்தார்.