முகத்து அரிப்புக்கு முதுகில் ஒரு பரிசோதனை

பேட்ச் டெஸ்ட், அதாவது எந்தப் பொருள் தோலுக்கு ஒவ்வவில்லை என்று முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த வாரம் முழுக்க முதுகில் தண்ணீர் படக்கூடாது. வியர்க்கவும் கூடாதாம். கோலாலம்பூரில் இருந்துகொண்டு வியர்க்காமல் இருப்பது எப்படி என்று மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், கேட்டேன். "ஏர்கோன்லயே இருங்கக்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

என் பிரச்சினை கண் இமைகளில். சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரியும். சில நாள் கன்னத்துக்கும் இறங்கும். "உனக்கு சென்சிடிவ் ஸ்கின்" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அத்தை, அதாவது என் மாமியார், வேப்பிலை அரைத்துத் தந்தார். அலுவலகத் தோழி கற்றாழை ஜெல் வாங்கி வந்தாள். மருந்துக்கடையில் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று போட்ட க்ரீம்கள் ஒரு வரிசைக்கு இருந்தன. அந்தச் சொல்லைப் போடுவதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான கண்டிப்பான அளவுகோல் ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இணையத்தில் விற்கும் ஒரு 'மேஜிக்' டப்பாவை உறவுக்காரப் பெண் ஒருத்தி சிபாரிசு செய்தாள். மூன்றே நாளில் முகம் பளபளக்குமாம். டப்பாவில் நோட்டிபிகேஷன் எண் எதுவும் இல்லை. நம் நாட்டில் விற்கிற அழகுப் பொருள்களை என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் அறிவித்திருக்க வேண்டும். எண்ணை அவர்கள் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த க்ரீம்களைப் பற்றி அவர்கள் அடிக்கடி எச்சரிக்கை விடுகிறார்கள். இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அதில் ஸ்டீராய்டை நாள்கணக்காகத் தடவினால் தோல் இன்னும் மெலியும், கண்ணுக்குள் அழுத்தமும் கூடலாம். அந்த டப்பாவைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அப்புறம் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) போனேன். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம், காலையிலேயே நீண்ட வரிசை. டாக்டர் இமையைப் பார்த்துவிட்டு, எந்த மாதங்களில் மோசமாகிறது என்று கேட்டார். கைப்பேசியில் இருந்த படங்களைத் தேதியோடு காட்டினேன். இது பெரிய உதவி. தோல் டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் தோல் நன்றாக இருக்கும், அதுதான் வழக்கம்! படங்களைப் பார்த்தபின் பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு சுராட் (பரிந்துரைக் கடிதம்) எழுதிக் கொடுத்தார். அங்கே தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்த கதை.

தோல் டாக்டர் ஒரு பெண். தமிழ் தெரிந்தவர் என்பதால் விலாவாரியாகப் பேச முடிந்தது. தோல் எரிவதற்கு இரண்டு வேறுவேறு காரணம் இருக்கலாம் என்றார். ஒன்று உறுத்தல்: கடுமையான சோப்பு, அடிக்கடி கழுவுவது, ஏர்கோன் வறட்சி, இவையெல்லாம் யார் தோலையும் கெடுக்கும். வழக்கமான சோப்புக் கட்டியின் பிஎச் அளவு, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், காரப் பக்கமாக 9, 10 வரை போகும். தோலின் மேற்பரப்போ 5 சுமாரில் லேசான அமிலமாக இருக்கிறது. இன்னொன்று ஒவ்வாமை: குறிப்பிட்ட ஒரே பொருளை உடம்பு எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்வது. அது அளவில் கொஞ்சமாக இருந்தாலும் போதும். பல வருடம் ஒன்றும் செய்யாத பொருளுக்கே திடீரென்று ஒருநாள் வந்துவிடலாம். "சென்சிடிவ் ஸ்கின்னுன்னு பேரு வச்சிட்டா தேடுறது நின்னுபோயிடும்" என்றார். எனக்கு நடந்தது அதேதான்.

கேள்விகள் நீண்டுகொண்டே போயின. ஷாம்பு, நகப்பூச்சு, ஸ்டிக்கர் பொட்டு, சாம்பிராணி, மல்லிகைப்பூ, வீட்டில் யாராவது தலைக்கு டை அடிக்கிறார்களா என்பது வரை. இமையில் நாம் நேராக எதையும் தடவியிருக்க வேண்டியதில்லையாம். விரலில் இருப்பது, தலையிலிருந்து வழிவது, காற்றில் மிதப்பது எல்லாம் முதலில் காட்டிக்கொடுப்பது அங்கேதான். பயன்படுத்துகிற எல்லாவற்றையும் லேபிளோடு கொண்டுவரச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொண்டுபோனேன். முகத்தில் பூசி விடுகிற க்ரீமை அப்படியே சோதிக்கலாம், ஷாம்பு போன்றவற்றை நீர்க்கச் செய்துதான் வைப்பார்களாம். பாத்திரம் கழுவும் திரவத்தை யாரும் வீட்டில் தானாக ஒட்டிப் பார்க்க வேண்டாம் என்று தனியாக எச்சரித்தார். அது யார் தோலையும் புண்ணாக்கிவிடும்.

திங்கட்கிழமை ஒட்டினார்கள். சிறுசிறு அலுமினியக் கிண்ணங்கள் பதித்த டேப், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள்: நிக்கல், குரோமேட், வாசனைக் கலவைகள், ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள், டையில் இருக்கும் பிபிடி, பொருள் கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்திகள் பல. ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு. வீட்டில் அத்தை பார்த்துவிட்டு, "என்னம்மா முதுகுல கேரம்போர்டு வரைஞ்சிட்டாங்க" என்றார். இரவில் அரிக்கும், சொறியக்கூடாது. தலைக்கு மட்டும் பிரிக்பீல்ட்ஸ் சலூனில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து கழுவிக்கொண்டேன். இந்த யோசனையை யாரும் எனக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

புதன்கிழமை, 48 மணி நேரம் கழித்து, டேப்பைப் பிரித்தார்கள். பிரித்த கையோடு பார்ப்பதில்லை. டேப் அழுத்திய சிவப்பு அடங்கக் கொஞ்ச நேரம் விடுகிறார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வரவேண்டும். இந்த வகை ஒவ்வாமை மெதுவாக வேலை செய்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகை அந்த இடத்தில் வந்து கூடவே இரண்டு மூன்று நாளாகும். நண்டு சாப்பிட்டதும் உடனே தடிக்கிறதே, அது வேறு வகை, அதற்குக் கையில் ஊசி குத்திப் பார்க்கும் வேறு சோதனை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெள்ளிக்கிழமை போகாமல் விட்டவர்கள் உண்டு என்று மிஸ்ஸி சொன்னார். பாதி விடை அன்றைக்குத்தான் தெரிகிறது. இதற்காக எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு இரண்டு இடத்தில் தடித்திருந்தது. எவ்வளவு தடித்தது என்பதைப் பிளஸ் குறியால் எழுதுகிறார்கள். நிக்கலுக்கு ஒரு பிளஸ். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் என்பது பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரியும். இமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் ஒதுக்கிவிட்டார். தடித்ததெல்லாம் காரணமாகிவிடாது, வாழ்க்கையோடு பொருந்த வேண்டும். இரண்டு பிளஸ் வந்தது மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்திக்கு. சுருக்கமாக எம்ஐ. அதைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுக்குச் சாயம் அடிச்சீங்களா?"

தீபாவளிக்கு முன்னால் அடிக்காத வீடு உண்டா! என் படங்களின் தேதிகளைத் திரும்பப் பார்த்தோம். மோசமான நாள்கள் எல்லாம் பெரும்பாலும் சாயம் அடித்த பிறகு வந்த வாரங்கள். தண்ணீர் கலந்த சாயத்தில் கிருமிகள் வளராமலிருக்க எம்ஐ சேர்க்கிறார்கள். சுவர் காய்ந்த பிறகும் அது வாரக்கணக்கில் காற்றில் கலந்துகொண்டே இருக்குமாம். வாசனை போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டு அந்த அறையில்தான் படுத்துக் கிடந்தேன். மற்ற மாதங்களில் லேசாக வந்துகொண்டிருந்ததற்குப் பாத்திர சோப்பும், கைப்பையில் எப்போதும் இருக்கும் ஈர டிஷ்யூவும் காரணம். இந்த எம்ஐயால் உலகம் முழுக்க அவ்வளவு பேர் அவதிப்பட்டு, 2013இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் அழகுப் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதைத் தடை செய்தது. சாயமும் பாத்திர சோப்பும் அழகுப் பொருள் இல்லையே, அதனால் அந்தத் தடைக்குள் வரவில்லை.

மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. வீங்கியிருந்தபோது சில நாள் மட்டும் டாக்டர் கொடுத்த களிம்பு, மற்றபடி விலகியிருப்பது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போவதில்லை. புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறம் ஒரே இடத்தில் காலை மாலை ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோகிறேன். ஈரப்பதத்துக்கு வெள்ளைப் பாரபின் களிம்பு. நம்ம ஊர் புழுக்கத்தில் அது பிசுபிசுக்கும், பகலில் சகிக்காது. இரவில் மட்டும் போடுகிறேன்.

சாயம்தான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. தீபாவளிக்கு அடிக்காமல் விட அத்தை ஒப்பவில்லை. வாசனை குறைந்த சாயம் வாங்கலாம் என்றார் கணவர். அந்த லேபிளுக்கும் எம்ஐக்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். கடைசியில், பள்ளி விடுமுறையிலேயே அடித்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து போட்டு, அந்தச் சமயம் நான் பிள்ளைகளோடு கிள்ளானில் அக்கா வீட்டில் இருப்பது என்று முடிவானது. பாத்திரம் கழுவுவது இப்போது கணவர் வேலை. இதற்கு மட்டும் டாக்டர் சீட்டு கேட்கவில்லை.

முடிவுத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று அந்த நீளப் பெயரை நினைவில் வைத்துத் தேட யாராலும் முடியாது. அதோடு மெத்தில்குளோரோஐசோதையசோலினோன் என்ற அதன் கூட்டாளியின் பெயரையும் சேர்த்து எழுதி வாங்குங்கள், இரண்டும் பல பொருள்களில் ஜோடியாக வருகின்றன.