இந்த முடிக்குக் காரணம் இருக்கிறது

இன்றோடு 16 மாதம், தலையில் கத்திரி படவில்லை. சாமியாராகப் போறியா, காதல் தோல்வியா என்று கேட்டவர்களிடமெல்லாம் சிரித்து மழுப்பியாச்சு, இப்போது சொல்லிவிடுகிறேன்: புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டத்தான் இந்தக் கோலம்.

சித்திக்குக் கீமோ ஆரம்பித்த மூன்றாவது வாரம், தலையணை முழுக்க முடி. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அந்த மருந்து தாக்கும், முடியின் வேரில் இருப்பவையும் அந்த ரகம் என்பதால் நோயோடு சேர்ந்து அவையும் அடி வாங்குகின்றன. (எல்லா கீமோ மருந்துக்கும் முடி கொட்டாது, இது பலருக்குத் தெரியாது.) வலியைப் பொறுத்துக்கொண்ட சித்தி, கண்ணாடியை மட்டும் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். சித்தி மாதிரி முடி கொட்டியவர்களுக்கு ஒரு விக் செய்ய ஒருவர் முடி போதாது, பலருடையது சேர வேண்டும். 30 சென்டிமீட்டர் ஆனதும் வெட்டிக் கொடுத்துவிடுவேன். சரி, உங்கள் பங்கு? சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லுங்கள், வெட்டும் அன்று அளந்து படம் போடுகிறேன், பணம் நேராகச் சிகிச்சை நிதிக்கே போகட்டும், என் கைக்கு வேண்டாம்.

அப்புறம் அக்கா, உன் ஹேர்பேண்டெல்லாம் காணாமல் போனதற்குக் காரணம் நான்தான்.