வாதி கிடைப்பதுதான் கஷ்டம்

சட்டக் கல்லூரியில் பிரவுன் வழக்கைத் தீர்ப்பிலிருந்து தொடங்கிப் படிப்போம். 1954 மே 17. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: பொதுப் பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது. கட்சிக்காரர்களோடு மல்லாடிப் பழகிய வக்கீல்கள் அந்த வழக்குக் காகிதக் கட்டை வேறு பக்கத்திலிருந்து புரட்டுவார்கள். யார் வாதி? வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? பிள்ளை எத்தனையாவது படிக்கிறது? அந்த நீண்ட போராட்டத்தில் அரசியல் சாசன வாதம் திணறிய இடங்கள் உண்டு. வாதி இல்லாமல் வழக்கு திணறிய இடங்களும் அதற்குக் குறைவில்லை.

எதிரில் நின்றது 1896ஆம் ஆண்டின் பிளெசி தீர்ப்பு. ரயில் பெட்டி பற்றிய வழக்கு அது. சமமாக இருந்தால் பிரித்து வைக்கலாம் என்ற கொள்கை அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பரவியது. 1930களில் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்குப் பணியை நடத்திய சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் நேராக அதை முட்டவில்லை. மேல்படிப்பில் ஆரம்பித்தார். தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பின மாணவருக்குச் சட்டக் கல்லூரியே கிடையாது. ‘சமம்’ என்று வாதாட எதிர்த்தரப்பிடம் ஒரு கட்டடம்கூட இல்லை. சட்டக் கல்லூரி என்றால் என்ன என்பதை எந்த நீதிபதிக்கும் விளக்க வேண்டியதில்லை. வழக்குக்கு ஒரே ஒரு மாணவர் போதும்.

அந்த ‘ஒரே ஒருவர்’ என்பதுதான் பிறகு வினையானது. மிசௌரி பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி லாய்ட் கெய்ன்ஸைச் சேர்க்க மறுத்தது. வேறு மாநிலத்தில் படித்துக்கொள், கட்டணம் தருகிறோம் என்றது அரசு. அது போதாது, மாநிலத்துக்குள்ளேயே வசதி செய்ய வேண்டும் என்று 1938இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் அவசரமாக ஒரு தனிச் சட்டப் பள்ளியைத் திறந்தது. அது சமமானதுதானா என்பது அடுத்த சுற்று விசாரணை. அதற்கு வாதி வேண்டும். 1939 மார்ச்சில் சிகாகோவில் தங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே போன கெய்ன்ஸ் திரும்பவே இல்லை. 1940 ஜனவரியில் வழக்கை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க டெக்சஸின் ஹீமன் ஸ்வெட் வரவேண்டியிருந்தது. வெள்ளையர் கல்லூரியில் 65,000 நூல்கள், 850 மாணவர்கள். புதிதாகத் திறந்ததில் 16,500 நூல்கள், 23 மாணவர்கள். 1950இல் ஸ்வெட் வென்றபோது, எண்ணால் அளக்க முடியாத பெயர், பழைய மாணவர் தொடர்பு போன்றவையும் கணக்கில் வரும் என்றது நீதிமன்றம். பிளெசி உளுத்துப்போக ஆரம்பித்தது இங்கேதான்.

சிறு பிள்ளைகளின் பள்ளிக்கு வந்தபோது பாடம் கடுமையானது. தென் கரோலினாவின் கிளாரெண்டன் மாவட்டத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. விவசாயி லீவை பியர்சன் 1948இல் வழக்குப் போட்டார். நிலத்தின் ஒரு மூலை பள்ளி வட்டார எல்லையைத் தாண்டிக் கிடந்தது. வரி கட்டியது ஒரு வட்டாரத்தில், பிள்ளைகள் படித்தது வேறு வட்டாரத்தில். வழக்கிடும் தகுதி இல்லை என்று வழக்கு நடுவழியில் விழுந்தது. ஒரு வரி ரசீதை முன்கூட்டியே பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தோல்வி. இன்றைக்கும் பொதுநல வழக்குகள் கவிழ்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட காகிதங்களில்தான். வாதம் எவ்வளவு உயர்ந்தது என்று யாரும் கேட்பதற்கு முன்பே.

1949இல் என்.ஏ.ஏ.சி.பி.யின் வக்கீல் தர்குட் மார்ஷல் கண்டிப்பாகச் சொன்னார்: ஒரே வட்டாரத்தில் 20 வாதிகள் இருந்தால்தான் வருவோம். ஊர்ப் பாதிரியார் ஜோசப் டிலெயின் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துச் சேர்க்க எட்டு மாதம் ஆயிற்று. இருபது பேர் எதற்கு? நான்கைந்து பேர் பயந்து விலகினாலும், ஒருவர் எல்லைக்கு வெளியே குடிபோனாலும் வழக்கு மிஞ்சும். வாதிகள் பட்டியலில் முதலில் வந்த பெயர் ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் பங்க் ஊழியர். அவருக்கும் வேலை போயிற்று, விடுதியில் வேலை பார்த்த மனைவிக்கும் போயிற்று. டிலெயினின் வீடு எரிந்தது.

வழக்கு முதலில் சம வசதி கேட்கும் வழக்காகவே இருந்தது. 1950 நவம்பரில் வழக்கை விசாரித்த நீதிபதி வேரிங், பிரிவினையையே நேராகத் தாக்கிப் புது வழக்குப் போடச் சொன்னார். அதில் ஒரு நடைமுறைச் சூட்சுமம் உண்டு. மாநிலச் சட்டத்தையே செல்லாது என்று சொல்லித் தடை உத்தரவு கேட்டால் மூன்று நீதிபதி அமர்வு உட்காரும். அங்கிருந்து மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. இடையில் ஒரு படி குறைகிறது. 1951இல் 2-1 என்று தோற்றார்கள். வேரிங்கின் மாறுபட்ட தீர்ப்பு கைக்கு வந்தது. தோல்வியிலும் அது லாபம்தான்.

விசாரணையில் நடந்தது அனுபவசாலிகளுக்கே அதிர்ச்சி. மாநிலத்தின் வக்கீல் எழுந்து, ஆமாம், பள்ளிகள் சமமாக இல்லை, சரிசெய்யப் பணம் ஒதுக்குகிறோம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். கட்டடம், பேருந்து, கழிப்பறை என்று அடுக்கிவைத்திருந்த சான்றுகளின் காற்று அதோடு போயிற்று. மிஞ்சியது ஒரே கேள்வி: சமமாக இருந்தாலும் பிரிப்பதே கேடா? அதற்காகத்தான் உளவியலாளர் கென்னத் கிளார்க் பொம்மைகளோடு அந்த மாவட்டத்துக்கே வந்திருந்தார். வேறு ஊர் ஆய்வு போதாது, இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே கேடு என்று காட்ட வேண்டும். 16 பிள்ளைகளைச் சோதித்தார்; 10 பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள், 11 பேர் கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். இந்தச் சான்றைப் பலர் தூக்கிப் பேசுகிறார்கள். வக்கீலின் கண்ணுக்கு இது பலவீனமான சாட்சி. எண்ணிக்கை சிறியது, கிளார்க் தம்பதியின் முந்தைய ஆய்விலோ, கலந்து படித்த வட மாநிலப் பிள்ளைகளிடமும் இதே சாய்வு இருந்தது, சற்று அதிகமாகவே. குறுக்கு விசாரணையில் கூர்மையானவர் யாராவது எதிரில் இருந்திருந்தால் கதை வேறு.

கான்சஸின் டொபீகாவில் வேலை நேர்த்தியாக நடந்தது. 13 பெற்றோர். ஒவ்வொருவரும் 1950 இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு அருகிலுள்ள வெள்ளையர் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துப்போய்ச் சேர்க்கக் கேட்க வேண்டும். மறுத்ததை வந்து சொல்ல வேண்டும். மறுப்பு இல்லாமல் வழக்குப் போட அடிப்படை இல்லை. அவர்களில் ஒரே ஆண் ஆலிவர் பிரவுன். வழக்கின் தலைப்பில் ஏறியது அவர் பெயர். அகர வரிசை பார்த்தால் டார்லீன் பிரவுன் என்ற பெண்மணிதான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆலிவர் சாண்டா ஃபே ரயில்வே பணிமனையில் வெல்டர், தொழிற்சங்க உறுப்பினர். அவரை நினைத்தபோது வேலையை விட்டு நீக்கிவிட முடியாது. ஹாரி பிரிக்ஸுக்கு இல்லாத காப்பு அது.

வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் 180 பேருக்குக் கட்டிய மோட்டன் பள்ளியில் 450க்கு மேல் மாணவர்கள். மிச்சம் பேர் தார்க் காகிதம் வேய்ந்த கொட்டகையில். 1951 ஏப்ரலில் 16 வயது மாணவி பார்பரா ஜான்ஸ் வகுப்புப் புறக்கணிப்பு நடத்தினார். வக்கீல்கள் நிபந்தனை வைத்தார்கள்: புதுக் கட்டடம் கேட்டால் வரமாட்டோம், பிரிவினை ஒழிய வேண்டும் என்றால் வருகிறோம். 117 மாணவர்கள் பெயரில் வழக்கு. பார்பராவைப் பாதுகாப்புக்காக அலபாமாவில் தந்தையின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளாரெண்டன், டொபீகா, ஃபார்ம்வில் வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் பிரவுன் பெயரில் ஒன்றாக விசாரிக்கப்பட்டன.

பிள்ளைகள் வாதிகள் என்றால் இன்னொரு தொல்லை: அவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள். ஆலிவரின் மகள் லிண்டா பிரவுன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது போட்ட வழக்கு வென்றபோது அவள் நடுநிலைப் பள்ளிக்குப் போயிருந்தாள். டொபீகாவில் அந்த நிலையில் பிரிவினையே கிடையாது. தன் பெயரில் வந்த தீர்ப்பால் அவளுக்குத் தொடக்கப் பள்ளியில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ‘நாங்களும் எங்களைப் போன்றவர்களும்’ என்று பிரதிநிதித்துவ வழக்காகப் போடுவதன் அவசியம் இதுதான்.

டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, வாங்குவது பாதி, நிறைவேற்றுவது மீதி என்பது எந்தக் கோர்ட் வளாகத்திலும் கேட்கும் பேச்சு. 1955இன் இரண்டாம் பிரவுன் உத்தரவு தேதி எதுவும் குறிக்காமல், ‘உரிய நிதானத்துடன் கூடிய வேகத்தில்’ என்ற பொருளில் விஷயத்தைக் கீழ் நீதிமன்றங்களுக்குத் திருப்பி அனுப்பியது. தென் மாநிலங்கள் அந்த ஓட்டையில் கைவைத்த விதத்தைப் பார்த்தால், அவர்களும் வாதியைத்தான் குறிவைத்தார்கள் என்பது தெரியும். மாணவர் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் வந்தன. நிறம் என்ற சொல்லே அவற்றில் இருக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு, தனி விசாரணை, அதற்குமேல் முறையீடு. எல்லாம் முடித்த பிறகே நீதிமன்றம். கூட்டமாக வந்தவர்களைத் தனித்தனி ஆளாக உதிர்க்கும் ஏற்பாடு. பிரிக்ஸின் கிளாரெண்டனிலேயே 1960இல் போட்ட மறு வழக்கில் மாவட்ட நீதிமன்றம் முதல் வாதியின் பெயரைத் தவிர மற்ற எல்லாப் பெயர்களையும் அடித்துவிட்டது. 1962இல்தான் மேல்முறையீட்டில் அது திருத்தப்பட்டது. வர்ஜீனியா இன்னொரு வழி பார்த்தது: வழக்குக்கு ஆள் சேர்ப்பதையே குற்றமாக்கியது. அதை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்ய 1963 ஆயிற்று.

1968இல் வர்ஜீனியாவின் நியூ கென்ட் பள்ளி வாரிய வழக்கில்தான் சுமை தோள் மாறியது. ‘விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற திட்டம் மூன்று ஆண்டு ஓடியும் ஒரு வெள்ளைப் பிள்ளைகூடக் கறுப்பினப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் பழைய பள்ளியிலேயே இருந்தார்கள். இனிப் பெற்றோர் அலைய வேண்டாம், பலன் தரும் திட்டத்தைப் பள்ளி வாரியமே கொண்டுவர வேண்டும் என்றது நீதிமன்றம்.

வாதியின் பாடு அதற்கு முன்பே ஒரு சட்டத்தில் ஏறிவிட்டது. 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் நான்காம் பகுதி, பள்ளிப் பிரிவினைக்கு எதிராக அரசின் தலைமை வழக்கறிஞரே வழக்குத் தொடர வழிசெய்தது. பெற்றோர் எழுத்தில் ஒரு புகார் கொடுத்தால் போதும். எப்போது அவர் முன்வரலாம்? புகார்தாரருக்குச் செலவைத் தாங்க வசதியில்லை என்றால். அல்லது வழக்குப் போட்டால் அவர் உயிருக்கோ, வேலைக்கோ, பொருளாதார நிலைக்கோ, குடும்பத்துக்கோ, சொத்துக்கோ ஆபத்து என்றால். பிரிக்ஸின் பெட்ரோல் பங்க் வேலையும் டிலெயினின் எரிந்த வீடும் அந்தப் பட்டியலில் வார்த்தையாகவே இருக்கின்றன.