பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கியவர்களிடம் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அங்கே போடுகிற தற்காலிகக் கழிப்பறைகள் அமாவாசைக்கு முந்தின நாளே என்ன நிலைக்கு வந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வயிற்றில் பையை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் போய்த் தங்கப்போகிறாயா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், அம்மாவைத் தவிர.

பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலின் நுனியை அடிவயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர்; அதன்மேல் ஒட்டிய பையில்தான் மலம் இறங்கும். நான் அறுவை அரங்கில் கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து தன் காலில் காரையாறு வந்தால் அந்தக் கோயிலில் இருக்கும் பட்டவராயன் சாமிக்குத் தோல் செருப்பு.

எனக்கு உறுத்தியது கழிப்பறை அல்ல. எந்நேரமும் மலம் இறங்கிக்கொண்டிருக்கிற பையோடு சந்நிதியில் போய் நிற்கலாமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தெருமுனைப் பிள்ளையாரைக்கூடத் தள்ளி நின்றுதான் கும்பிட்டுவந்தேன். இதைச் சொன்னதும் அம்மா பாக்கு வெட்டுவதை நிறுத்தாமலே, “செருப்புத் தைக்கிற குலத்து வாலப்பகடைக்கு மருமகனாகி, மாட்டுத்தோல் செருப்பைக் காணிக்கையாக வாங்குகிற சாமி, உன் பையையா மோந்து பார்க்கப்போகிறது?” என்று கேட்டாள்.

மூட்டை கட்டினேன். மாற்றுப் பைகளுக்கு வீட்டிலேயே அளவு பார்த்துத் துளை வெட்டிக்கொண்டேன். வழக்கமாகச் செலவாவதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் ஸ்டோமா நர்ஸ். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொட்டலங்கள் தனியே. பெருங்குடல் இல்லாதவன் உடம்பில் நீரும் உப்பும் தங்காது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு மலையில் அலைந்தால் தளர்ந்து விழ வேண்டியதுதான். முதுகுப்பையின் இடுப்பு வார் ஸ்டோமாவை அழுத்தாதபடி மேலே ஏற்றிக் கட்டினேன். அரிசி மூட்டையை மட்டும் அத்தான் தூக்கிக்கொண்டார். பாரம் தூக்கினால் குடல் பிதுங்கும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

அகஸ்தியர்பட்டியில் வண்டியை விட்டுவிட்டு அரசு பஸ். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் என்று எதைக் கண்டாலும் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். புலிகள் காப்பகம், சரிதான். என் பைகள் பிளாஸ்டிக் அல்லாமல் வேறென்ன? சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். வனக்காவலர் பையன் ஒரு நொடி திகைத்துவிட்டு, “கொண்டுபோங்கள் அண்ணாச்சி. இறங்கும்போது ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது” என்றான். ஒன்றும் இல்லை தம்பி. மூடி இறுகின எவர்சில்வர் தூக்கில் வைத்து அத்தனையையும் கீழே கொண்டுவந்துவிட்டேன். கட்டியிருந்த வேட்டி சேலையைத் தாமிரபரணியில் அவிழ்த்து விட்டுவிட்டுப் புண்ணியத்தோடு கரையேறுகிறவர்களை யார் கேட்பது?

அமாவாசை விடியற்காலையில் சோதனை வந்தது. இரவெல்லாம் சாரல். குடிலுக்குள் எல்லாம் நசநசத்துப்போய், பையைத் தாங்கித் தோலில் ஒட்டியிருந்த தகடு ஓரத்தில் கிளம்பிவிட்டது. வெறும் வயிற்றில் குடல் அடங்கியிருக்கும் நேரம் அதுதான் என்பதால் உடனே மாற்ற உட்கார்ந்தேன். மனைவி டார்ச் பிடித்தாள். ஈரத் தோலில் புதுத் தகடு எங்கே ஒட்டும்? துடைக்கத் துடைக்க வேர்த்தது. வெளியே கொட்டுச் சத்தம். யாருக்கோ சங்கிலி பூதத்தார் சாமி வந்துவிட்டார், மார்பில் இரும்புச் சங்கிலி விழுகிற ஓசை கேட்டது. சிவந்த குடல்முனை டார்ச் வெளிச்சத்தில் மெல்லச் சுருங்கி விரிந்தது. முதல் தகடு வீணாயிற்று. அடுத்ததைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றி, வேட்டி நுனியால் தோலை ஒற்றி எடுத்துவிட்டு ஒட்டினேன். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பூதத்தாரைக் கூப்பிட்டபடியே உட்கார்ந்திருந்தேன். பிடித்துக்கொண்டது. அதே வயிற்றோடு ஆற்றில் மூழ்கிக் குளித்தேன், கிளம்பவில்லை!

சந்நிதியில் நெரிசலைச் சொல்ல வேண்டுமா? சீக்கிரம் உள்ளே விடுகிறேன் என்று பணம் கேட்ட ஒருவனை அம்மா விரட்டினாள். அவளும் சும்மா இல்லை, செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு முழங்கையால் எனக்கு வழி உண்டாக்கினாள். இடது கையால் பையை மறைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மனைவியர் பொம்மக்கா, திம்மக்காவோடு பட்டவராயன். முன்பு யாரோ வைத்த செருப்பில் குதிகால் தேய்ந்து மண் அப்பியிருந்தது. நடந்திருக்கிறான், இந்தக் காடு முழுக்க. என் ஜோடியை வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பையில் காற்று இறங்கி வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கூசிப்போனேன்.

பூசாரி நெற்றியில் திருநீறு இட்டார். வயிற்றை மூடியிருந்த கையைப் பார்த்தார். “வலியா?”

“இல்லை சாமி. பை.”

“இருக்கட்டும்” என்று இன்னொரு சிட்டிகை எடுத்துச் சட்டைக்கு மேலேயே அந்த இடத்தில் பூசிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்குக் கண் மறைந்து, வெளியே எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. என் அப்பனே, பட்டவராயா! பேச்சியம்மா, பூதத்தாரே, மகாலிங்கமே! படுக்கையில் கிடந்தவனைக் காட்டுக்குள் வரவழைத்தீர்களே. பிறகு என்ன நடந்தது, கட்டின மணிகளை உள்வாங்கிக்கொள்கிற மணிவிழுங்கி மரத்தைச் சுற்றினோமா, பொங்கல் எப்போது பொங்கியது, எதுவும் வரிசையாக நினைவில்லை. அழுதேன், சாப்பிட்டேன், மறுபடி அழுதேன்.

பையோடு இருப்பதால் கோயிலுக்குத் தயங்குகிறவர்கள் தாராளமாக வாருங்கள். கைக்குட்டைத் துணி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், சாரலுக்கு அதுதான் உதவும். குடில் போடுகிற இடம் என்னுடையது என்று பணம் கேட்டு வருபவனுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். இடம் அய்யனாருடையது.