கோல் டிராப்ஸ் யார்டு: கூரைகள் இரண்டும் ஒருவழியாகத் தொட்டுக்கொண்டன

மூன்று மாதங்களாகப் பிடிகொடுக்காமல் இருந்த கூரை, சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு பிசகில்லாமல் உட்கார்ந்துவிட்டது. லண்டன் கிங்ஸ் கிராஸின் பழைய சரக்கு யார்டை 1:148 அளவில் மாதிரியாகச் செய்துவரும் என் முயற்சியில் இதைவிட என்னை வாட்டிய வேலை வேறில்லை என்பதால், இந்தப் பதிவை முழுக்க முழுக்க அந்தக் கூரைக்கே ஒதுக்குகிறேன்.

லூயிஸ் க்யூபிட் வடிவமைத்து 1852-இல் எழுந்த கிரேனரி (தானியக் கிடங்கு) கட்டடம் முன்பே முடிந்துவிட்டது. கோதுமை மூட்டைகளை அடுக்கிவைத்த அந்த ஆறு தளங்களும் நேர்ச்சுவர்கள், ஒரே அளவு ஜன்னல்கள். பொறுமை இருந்தால் போதும். ஆனால் அதற்கு மேற்கே நிற்கும் இரண்டு நீண்ட நிலக்கரிக் கொட்டகைகள் அப்படிப்பட்டவை அல்ல. மேல்மட்டத் தண்டவாளத்தில் வேகன்கள் வந்து நிற்க, அவற்றின் அடிக்கதவைத் திறந்ததும் நிலக்கரி நடுத்தளத்துத் தொட்டிகளில் விழும். அங்கிருந்து சாக்குகளில் நிரப்பிக் கீழே காத்திருக்கும் குதிரைவண்டிகளில் ஏற்றுவார்கள். கிழக்குக் கொட்டகை 1851-இலும் மேற்குக் கொட்டகை அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் கட்டப்பட்டன. இரண்டும் இணைகோடுகளாக இல்லாமல் சற்றே சாய்கோணத்தில் நிற்கின்றன என்பதை ஆரம்பத்தில் நான் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவைப் பிறகு அனுபவித்தேன்.

இந்தக் கொட்டகைகள் 2018-இல் ‘கோல் டிராப்ஸ் யார்டு’ என்ற கடைவீதியாகத் திறக்கப்பட்டபோது வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கின் குழு செய்தது இதுதான்: இரு கொட்டகைக் கூரைகளின் உள்பக்கச் சரிவுகளையும் உப்பவைத்து, வளைத்து, முற்றத்தின் மேலே ஒன்றையொன்று தொடும்படி நீட்டினார்கள். என் மாதிரியில் ஒரே சுவர்கள் இரு காலத்துக்கும் பயன்பட வேண்டும்; நிலக்கரிக் காலத்துக் கூரையைத் தூக்கிவிட்டு இன்றைய கூரையை வைத்தால், அதே யார்டு வேறு முகம் காட்ட வேண்டும். இதற்காகத்தான் முதலிலிருந்தே உழைக்கிறேன்.

முதல் முயற்சியில் ஒரே அட்டையை வளைத்தேன். அட்டை ஒரு திசையில்தான் வளையும். இந்தக் கூரையோ மேல்நோக்கி எழும்போதே பக்கவாட்டிலும் வளைகிறது. நடுவில் பெரிய மடிப்பு விழுந்துவிட்டது. இரண்டாம் முறை பால்சா மரத்தில் அச்சு செதுக்கி, நனைத்த அட்டையை அதன்மேல் கட்டிவைத்தேன். அச்சிலிருந்து எடுத்த மறுநாளே அது மீண்டும் நிமிர்ந்துகொண்டு, முனைகளுக்கிடையே நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டது. மூன்றாவதாக, அச்சின்மேல் மெழுகு தடவி, விரல் அகலப் பசைத்தாள் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஐந்து அடுக்கு ஒட்டினேன். ஒவ்வொரு அடுக்கும் ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கி வளைவு தளர்ந்துவிடும். இப்படிச் செய்த கூரை முட்டையோடு போல லேசாகவும் விறைப்பாகவும் வந்தது. வளைந்த பரப்பில் மாதிரி செய்பவர்கள் எல்லோருக்கும் இந்த முறையைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனாலும் கூரையைச் சுவர்மேல் ஒட்டியவுடன் சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கின. இரண்டு வாரம் பசையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான கட்டடத்தின் புதிய கூரை பழைய செங்கற்சுவர்களின்மேல் பாரத்தை இறக்கவில்லை என்பதும், கொட்டகைகளுக்குள்ளே தனியாக நிறுத்திய எஃகுச் சட்டகமே அதைத் தாங்குகிறது என்பதும் படித்த செய்திதான். ஆனால் என் சுவர் பிளந்தபோதுதான் அந்த முடிவின் அருமை எனக்கு விளங்கியது. இப்போது பித்தளைக் குழாய்களை அடிப்பலகையில் ஊன்றி, கூரையை அவற்றின்மேல் நிறுத்தியிருக்கிறேன். சுவரைத் தொடவே இல்லை. கூரையைக் கழற்றி மாட்டும் வசதியும் அதனாலேயே தானாகக் கிடைத்துவிட்டது.

சாய்கோணத்தைக் கணக்கில் எடுக்காமல் இரு கூரைகளையும் ஒரே அச்சில் எடுத்திருந்ததால், தொடும் இடத்தில் ஒன்று மற்றொன்றைத் தாண்டி நின்றது. மேற்குக் கூரைக்குத் தனி அச்சு செதுக்க வேண்டியதாயிற்று. ஞாயிறு இரவு அதைக் குழாய்களின்மேல் இறக்கி, அடியில் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தேன். தொடும் இடத்தில் ஒரு மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன்.

மேலே வேயும் ஸ்லேட் ஓடுகளுக்கு, உண்மைக் கூரையில் உள்ள வேல்ஸ் நாட்டுக் கல்லின் நீலச்சாம்பல் நிறத்தில் தாளைத் தீட்டி, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டுகிறேன். நீளமான பட்டை வளைவில் சுருங்குவதால், நான்கைந்து ஓடுகளுக்கு ஒருமுறை அதைத் துண்டித்துச் சேர்க்க வேண்டும். புதிய கத்திமுனை பத்து வரிசைக்குமேல் தாங்குவதில்லை.

அடுத்ததாக, யார்டுக்கு அருகிலுள்ள பழைய எரிவாயுத் தொட்டிகளின் இரும்புச் சட்டகங்களைச் செய்ய ஆசை. ரீஜென்ட் கால்வாய்க்குத் தெற்கே நின்றவற்றைப் பிரித்துப் பழுதுபார்த்து வடகரையில் மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். எட்டாம் எண் சட்டகத்துக்குள் இப்போது புல்வெளிப் பூங்கா, ஒட்டி நிற்கும் மூன்றுக்குள் அடுக்குமாடி வீடுகள். அவற்றின் தூண்களுக்காக 0.2 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு கேட்டிருந்தேன், விற்பனையாளர் 0.3 அனுப்பிவிட்டார். அந்தத் தடிமனில் குறுக்குச்சட்டங்களின் நேர்த்தி வராது என்பதால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாற்றுத் தகடு வரும்வரை ஓடு வேய்வதுதான் வேலை. கிழக்குக் கூரை முடிந்துவிட்டது. மேற்கில் இன்னும் முப்பத்திரண்டு வரிசைகள் இருக்கின்றன.