க்யூ ரேக்கில் ஒரு நாவல்

சீர்காழி பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். நூலகவியல் மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த மண் என்பதாலோ என்னவோ, புத்தகங்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்க அவருடைய கோலன் பகுப்பு முறையைத்தான் கடைசி வரை வைத்திருந்தோம். அதில் இலக்கியத்துக்கு ஓ, சமயத்துக்கு க்யூ. டான் பிரவுனின் ‘தி டாவின்சி கோட்’, இயேசு தம் சீடத்தி மகதலா மரியாளை மணந்தார், அந்த ரகசியத்தை ஒரு சங்கம் காத்து வருகிறது என்று சொல்லும் நாவல், ஆகவே ஓ. ஆனால் மாதம் ஒருமுறையாவது அது க்யூ ரேக்கில், வேதாகம விளக்கவுரைகளுக்கு நடுவில் கிடக்கும். எடுத்து எடுத்து ஓவில் வைப்பேன்.

ஒருநாள் ஆள் அகப்பட்டது. வேளாங்கண்ணியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண், எம்.ஏ. வரலாறு. “கதைப் புத்தகம்மா இது” என்றேன். “முதல் பக்கத்துலயே உண்மைன்னு போட்டிருக்கே சார்” என்று திறந்து காட்டினாள். போட்டுத்தான் இருந்தது. சீயோன் மடம் என்ற ரகசிய சங்கம் 1099இல் தொடங்கியதாம். அதன் ஆவணங்கள் 1975இல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டனவாம். நாவலில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம் பற்றிய விவரமெல்லாம் துல்லியமாம். “எங்க வீட்டுல இதைப் படிச்சா அழுவாங்க சார். பொய்னா எது பொய்னு சொல்லுங்க” என்றாள்.

சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரம் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து தேடினேன்.

சில இடங்கள் சுலபமாக உடைந்தன. 325இல் நைசியா நகரில் நடந்த கிறிஸ்தவ ஆயர்கள் மாநாட்டில் ஓட்டெடுத்து, நூலிழையில் இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்கிறது நாவல். அங்கே வந்த ஆயர்கள் 300க்கு முன்பின். கையெழுத்திட மறுத்துக் கடைசி வரை நின்றவர்கள் இரண்டே பேர். ‘கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள்’ என்று ரோம ஆளுநர் பிளினி பேரரசருக்குக் கடிதம் எழுதியதோ அதற்கு இருநூறு வருடம் முன்பு. புதிய ஏற்பாட்டில் எந்த நூல்கள் என்பதும் நைசியாவில் முடிவானதல்ல. இன்றுள்ள 27 நூல்களின் பட்டியல் அப்படியே வருவது 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில்தான்.

எனக்குப் பிடித்தது, நாவல் சான்று காட்டும் பிலிப்பு நற்செய்தி; பைபிளில் சேராத பழைய நூல். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் அதுவும் ஒன்று. அது இருப்பது எகிப்தின் பழைய காப்டிக் மொழியில்; நாவலில் வரும் அறிஞரோ அராமைக் மொழியை வைத்து அதற்கு அர்த்தம் சொல்கிறார். இயேசு மகதலா மரியாளை முத்தமிட்டார் என்ற வரியில், எங்கே என்று சொல்லும் இடத்தில் சுவடியில் ஓட்டை. நாவல் அதில் ‘வாய்’ என்று நிரப்பிவிட்டது. ராமபாணப் பூச்சி துளைத்த புத்தகங்களோடு காலம் தள்ளியவன் நான். ஓட்டையில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க யாருக்கும் உரிமை உண்டு. ஊகத்தை அச்சடித்த எழுத்து மாதிரி நீட்டும்போதுதான் கோபம் வருகிறது.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது பாரிஸ் விஷயம். சீயோன் மடம் 1956இல் பியர் பிளாந்தார் என்பவர் சுவிஸ் எல்லை ஓரத்துப் பிரெஞ்சு ஊரில் பதிவு செய்த சங்கம். பெயர்கூட எருசலேமின் சீயோன் இல்லை, பக்கத்திலிருந்த ஒரு மலை. லியோனார்டோவும் நியூட்டனும் அதன் தலைவர்கள் என்று பட்டியல் போட்ட தாள்களை 1960களில் அவர் தரப்பே தேசிய நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு அவை அங்கே ‘கண்டுபிடிக்கப்பட்டன’. வைத்தவனே எடுத்துக் காட்டுகிற கதை. நடுவில் நூலகத்தின் முத்திரை விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த முத்திரையைத் தினமும் குத்துகிறவன் நான். புத்தகம் உண்மை சொல்கிறதா என்று பார்த்தா குத்துகிறோம்? பில், விலை, பக்க எண்ணிக்கை பார்த்து அக்சஷன் ரிஜிஸ்டரில், அதாவது சேர்க்கைப் பதிவேட்டில், எண் போட்டு ஏற்றி, சைபரில் முடியும் பக்கத்தில் ஒன்று குத்துவோம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு நன்கொடைப் பெட்டியில் 16 பக்கத் தட்டச்சுப் பிரசுரம் ஒன்று வந்தது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து கடற்கரை வரை சோழர் சுரங்கம் போகிறது என்று அதில் இருந்தது. ஆண்டும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. தூக்கிப் போட மனசில்லாமல் எண் போட்டு வரலாற்று ரேக்கில் வைத்தேன். அடுத்த வருடமே ஒரு மாணவனின் புராஜெக்ட் அறிக்கையில் ‘கல்லூரி நூலக ஆவணம்’ என்று சேர்க்கை எண்ணோடு அது சான்றாக நின்றது. பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் தேடியதையெல்லாம் சொல்லிவிட்டு, இதையும் சொன்னேன். பிரசுரத்தையும் எடுத்துக் காட்டினேன். “செவிவழிக் கதை, ஆதாரம் இல்லை” என்று ஒரு சீட்டு எழுதி அட்டைக்குள் ஒட்டப்போகிறேன் என்றேன். நாவலை அவளே கொண்டுபோய் ஓ ரேக்கில் வைத்தாள். திரும்பி வந்து, நான் பசை பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பிரசுரத்தைப் புரட்டினாள். சுரங்கத்தின் வரைபடம் இருந்த பக்கத்தில் விரல் நின்றது.

“சார், இதை ரெண்டு நாளைக்கு இஷ்யூ பண்ணுவீங்களா?”

சரி, சீட்டு காயட்டும் என்றேன்.