மயிலிக்கு மதிப்பு 12,000 ரூபாய்

என் நாய் மயிலியைத் திருப்பி வாங்க 19 நாள் ஆனது. தேடி அலைந்தது 11 நாள்தான். மீதி எட்டு நாளும் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு ஆனது.

எங்கள் ஊர் மானூர் பக்கம். இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊரார் மனுவையெல்லாம் நிரப்பிக் கொடுக்கிறவள். அந்தத் தைரியத்தில்தான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

மயிலி கன்னி இனத்து நாய். உடம்பெல்லாம் கருப்பு, கண்ணுக்கு மேலே மட்டும் பழுப்பாக ரெண்டு பொட்டு. நல்ல கன்னிக் குட்டியை எங்கள் பக்கம் விலைக்குக் கொடுக்கமாட்டார்கள். நம்பிக்கையான வீடா என்று பார்த்துச் சும்மாதான் கொடுப்பார்கள். கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு அனுப்புவதும் உண்டு. 2019-ல் என்னை அனுப்பும்போது பித்தளை அண்டா, குத்துவிளக்கோடு அப்பா இவளையும் வண்டியில் ஏற்றிவிட்டார். அண்டாவுக்காவது கடை ரசீது இருந்தது.

2024 ஆவணிக் கடைசி ஞாயிறு ராத்திரி தோட்டத்துக் கிணற்றடியில் படுத்திருந்தாள். விடியக்காலம் போய்ப் பார்த்தால் இல்லை. மோட்டார் ரூம் பக்கத்தில் கருவாட்டுத் தலை நாலைந்து கிடந்தன.

ஸ்டேஷனில் ஏட்டையா மனுவை வாசித்துவிட்டு, "எம்மா, இது மேன் மிஸ்ஸிங்கா, திருட்டா?" என்று கேட்டார். மனுவில் நான் 'எங்கள் வீட்டுப் பிள்ளையைப் போன்ற' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த கேள்விக்கு அவர் சிரிக்கவில்லை. "என்ன வெலைக்கு வாங்குனீய?"

"வாங்கலய்யா. பிறந்த வீட்டுல கொடுத்தது."

"வெலை இல்லாத பொருளைத் திருடிட்டான்னு நான் எப்படி எழுத?"

மனு வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நானே ஊர் ஊராகச் சுற்றினேன்.

வக்கீலக்காவிடம் போனது அதற்குப் பிறகுதான். முதல் நாளே போயிருக்க வேண்டும். "வெலையை ஏன் போடல?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் திருட்டுக்கு 303-வது பிரிவு. திருடுபோனது 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் போலீஸ் தானாக விசாரணையில் இறங்கும் வழக்காக அது வராது. நாய் எவ்வளவு பெறும் என்பதில்தான் எல்லாமே நின்றது. சிப்பிப்பாறை, கன்னி நாய் விற்கிறவர்களிடம் விசாரித்து 12,000 என்று புது மனு எழுதினோம். திருப்பூரில் வேலையில் இருந்த வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "நல்ல கிடாய் ஒண்ணு இதைவிடக் கூடப் போவுமே" என்றார், மனசே இல்லாமல். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தத் தொகை எழுதிய மனுவுக்குத்தான் எப்.ஐ.ஆர். கிடைத்தது.

துப்பு வந்தது மேலப்பாளையம் சந்தையில். செவ்வாய்க்கிழமை ஆடு பிடிக்கப் போன மாமா காதில், மூன்று ஊர் தள்ளி ஒருத்தன் புதிதாக ஒரு கன்னி வைத்திருக்கிறான் என்ற பேச்சு விழுந்தது. வியாழக்கிழமை போலீஸோடு போனோம். 6,000 கொடுத்து வாங்கினேன், தோட்டக் காவலுக்கு என்றான். முயல் வேட்டைக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். அதைச் சொன்னால் வனத்துறைக்கும் பதில் சொல்ல வேண்டிவருமே, அதனால் காவல்.

பேரைச் சொன்னதும் அவள் பாய்ந்து வந்து என் மேல் விழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் அசையவில்லை. கழுத்தில் கயிறு அறுத்த புண், தலையைத் தொங்கப் போட்டபடி தரையைப் பார்த்தாள். "பாத்தீயளா, இவாளத் தெரியவே இல்ல" என்றான் அவன். காப்பாற்றியது ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஊசி போட்டபோது கொடுத்த தடுப்பூசிப் புத்தகம். முள்கம்பி கிழித்த இடது காது வடுவை டாக்டர் அதில் குறித்திருந்தார்.

அதே புத்தகம்தான் அடுத்த இடைஞ்சலும். 'உரிமையாளர் பெயர்' என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அன்றைக்கு வண்டி ஓட்டிப் போனவர் அவர், அவ்வளவுதான். என் பிறந்த வீட்டுச் சீதனத்தைக் கேட்க அவர் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

அதுவரைக்கும் மயிலி வழக்குச் சொத்து. போலீஸ் கைப்பற்றியதைக் கோர்ட் உத்தரவில்லாமல் வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். சொத்து அறையில் நாயை வைக்கவும் முடியாது. ஆகவே ஸ்டேஷன் வேப்பமரத்தடியில், மணல் டிப்பருக்கும் துருப்பிடித்த பைக்குகளுக்கும் நடுவே கட்டிப்போட்டார்கள். காலையும் சாயங்காலமும் கம்மஞ்சோறும் மோரும் கொண்டுபோனேன். மூன்றாம் நாள்தான் என் கையை நக்கினாள். நாலாம் நாள் ஏட்டையாவே பிஸ்கட் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

கழுத்துப் புண்ணுக்குத் தனியாக வழக்கு உண்டா என்று கேட்டேன். உண்டு, 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். முதல் தடவை என்றால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறை. அவளுக்கு வலித்ததற்கு 50 ரூபாய், என்னிடமிருந்து போனதற்கு மூன்று வருஷம்.

கோர்ட் வராந்தாவில் காத்திருந்த நேரத்தில் வக்கீலக்கா நிறையச் சொன்னார். 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் விலங்குக்கும் கௌரவமான வாழ்வு உண்டு என்று உச்ச நீதிமன்றம் பேசியது. 2023-ல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, விலங்குக்கு அடிப்படை உரிமை என்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்றுவிட்டார்கள். சாப்பாடு கொண்டுபோன ஒரு பையனின் பைக்கில் நாய் அடிபட்டுச் செத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், வளர்க்கிறவர்களுக்கு நாய் பிள்ளையாகவே இருக்கலாம், ஆனால் அது மனிதன் இல்லை என்று சொல்லி எப்.ஐ.ஆரை ரத்து செய்தது. ஸ்பெயினில் 2022 முதல் சட்டப்படி செல்லப்பிராணி வெறும் பொருள் இல்லை. புருஷன் பெண்டாட்டி பிரிந்தால் நாய் யாரோடு இருக்கும் என்பதை அதன் நலனையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமாம். "இங்க அந்தச் சட்டம் இருந்தா எங்கூடத்தான அனுப்புவாவ" என்றேன். "கையெழுத்துப் போடுத வரைக்கும் நீங்க பிரியாதீய" என்றார் அக்கா.

மனு, விசாரணை முடியுமுன் பறிமுதல் பொருளை ஒப்படைக்கக் கேட்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் 497. ஸ்டேஷனில் வண்டிகள் மக்கிப் போகக்கூடாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை அக்கா காட்டினார். பைக்குக்குச் சொன்னது நாய்க்கும் பொருந்தும், இது சோறு வேறு தின்கிறது என்றார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. 12,000-க்குப் பிணைப்பத்திரம், கேட்கும்போது ஆஜர்படுத்த வேண்டும், நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும். விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது, தோற்றத்தை மாற்றக்கூடாது. வண்டிக்குப் போடுகிற நிபந்தனை அப்படியே வந்திருந்தது.

கார்த்திகையில் மயிலி தோற்றத்தை மாற்றிக்கொண்டாள். வயிறு தள்ளி, ஐந்து குட்டி போட்டாள். நாள் கணக்குப் பார்த்தால் அது அந்த ஊரில் நடந்தது. அவன் வந்து குட்டியில் பாதி கேட்பானோ என்று எனக்குப் பயம். அக்கா சிரித்தார். "1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல உதாரணமே இருக்கு. பசுவை ஒருத்தங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனா, ஈன்ற கன்னையும் சேத்துத்தான் திருப்பிக் கொடுக்கணும். பொறுப்பா வாங்கி வச்சிருந்தவனுக்கே அப்படின்னா, திருட்டு மாட்டை வாங்குனவன் என்னத்தக் கேப்பான்?" உத்தரவில் குட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாருக்கும் கொடுக்கலாம்.

வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. தை மாதம் குட்டிகளை ராமையன்பட்டிக்கு ஊசி போடக் கொண்டுபோனோம். ஒன்று சித்தி மகள் கல்யாணத்துக்கு என்று பேசியாகிவிட்டது. புத்தகம் எழுதுகிறவர் வழக்கம்போல என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பேரு சொல்லுங்க" என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். ஐந்து புத்தகத்திலும் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.